அலமாரிக்கு அளவு எடுப்பது எப்படி? ஒரு புத்தக அடுக்குக்குப் பின்னால் உள்ள வரலாறு

பரீட்சை முடிந்து ஒருவழியாக வீட்டுக்கு வந்தாயிற்று. இந்த விடுமுறையில் செய்கிறேன் என்று வீட்டில் நான் வாக்குக் கொடுத்திருப்பது ஒரே ஒரு வேலைதான். ஒரு புத்தக அலமாரி. கடையில் வாங்குவது அல்ல, நாங்களே மரத்தில் செய்வது. "இதில் கட்டுரை எழுத என்ன இருக்கிறது?" என்று வகுப்புத் தோழர்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். டேப்பை எடுத்துச் சுவரை அளக்கப் போன பிறகுதான், அளவு என்பதற்கே இவ்வளவு பெரிய கதை இருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் ஏன் புது அலமாரி என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மரக்காணம். உப்பளங்கள் நிறைந்த ஊர். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் மட்டும் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை. எங்கள் பக்கம் பாத்தி எது, வரப்பு எது, தெரு எது என்றே தெரியவில்லை. வீட்டுக்குள் 14 அங்குலம் தண்ணீர் நின்றது. அந்தக் கறை சுவரில் இன்னும் கோடு போட்ட மாதிரி இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

எங்கள் பழைய அலமாரியின் கடைசித் தட்டு தரையிலிருந்து 4 அங்குல உயரத்தில் இருந்தது. அதில் இருந்தவை தாத்தாவின் பைண்டுகள். அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி 23 பைண்டுகள். நடுநடுவே அந்த வாரத்து விளம்பரம், ஓவியம் எல்லாம் இருக்கும். கடையில் கிடைக்கிற புத்தகம் என்றால் மறுபடி வாங்கலாம். இதை எங்கே போய் வாங்குவது? இரண்டு நாள் கழித்து எடுத்தபோது பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கல் மாதிரி ஆகியிருந்தன. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. வெயிலில் காய வைத்துப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

இதில் என்னை உறுத்திய விஷயம் வேறு. அந்த அலமாரி ஏழரை அடி உயரம். மேலே இரண்டு தட்டுகள் பாதிக்கு மேல் காலியாகவே கிடந்தன. யாருக்கும் எட்டாது என்பதால் எல்லாவற்றையும் கீழேயே திணித்து வைத்திருந்தோம். அதாவது, அந்த அலமாரி சுவருக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டது. சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம், சுவர் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். புத்தகத்தையும் அளக்கவில்லை, எடுக்கும் ஆளையும் அளக்கவில்லை.

அப்படியென்றால் எதை அளந்திருக்க வேண்டும்? இதைத் தேடப் போனால் கதை பல நூறு வருஷம் பின்னால் போகிறது.

அலமாரி தமிழ்ச் சொல்லா?

இல்லை. ஜன்னல், சாவி, மேசை இவற்றைப் போலவே அலமாரியும் போர்த்துகீசியர்களிடமிருந்து வந்த சொல். அவர்கள் மொழியில் அது 'அர்மாரியோ'. அப்படியானால் அதற்கு முன் தமிழர்கள் பொருள்களை எங்கே வைத்தார்கள்? சுவரில் மாடம் இருந்தது, கூரைக்குக் கீழே பரண் இருந்தது, கயிற்றில் தொங்கும் உறி இருந்தது, மரப்பெட்டி இருந்தது, நெல்லுக்குக் குதிரும் பத்தாயமும் இருந்தன. நிற்கிற அலமாரிக்குப் பெரிய தேவை இருக்கவில்லை.

புத்தகத்துக்கும் அப்படித்தான். ஓலைச்சுவடியை யோசித்துப் பாருங்கள். நீளம் ஒரு முழம் வரை போகலாம், ஆனால் அகலம் இரண்டு விரல் அளவுதான். அதை நிற்க வைக்க முடியாது. இரண்டு பக்கமும் மரச்சட்டம் வைத்துக் கயிறு கட்டிப் படுக்க வைப்பார்கள், துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பார்கள், அல்லது தூக்கில் தொங்கவிடுவார்கள். அடுப்புக்கு மேலே பரணில் வைக்கும் வழக்கமும் உண்டு. புகை பட்டால் பூச்சி வராது. அது ஒருவகையில் நல்ல வடிவமைப்புத்தான். ஓலையின் எதிரி பூச்சியும் ஈரமும். அதற்கு ஏற்ற இடத்தில் ஓலையை வைத்தார்கள்.

பிறகு அச்சு வந்தது. இந்தியாவில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகம் 1578-ல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. அதை அச்சிட்டவர் அன்றீக்கே அன்றீக்கசு என்ற போர்த்துகீசியப் பாதிரியார். வேடிக்கையைப் பாருங்கள், நிற்க வைக்கக்கூடிய புத்தகமும் அதை வைக்கும் அலமாரி என்ற சொல்லும் ஏறக்குறைய ஒரே கூட்டத்தாரிடமிருந்து நமக்கு வந்திருக்கின்றன! ஆனால் அது 16 பக்கச் சிறு நூல். அச்சகம் வைக்க இந்தியர்களுக்கு இருந்த தடைகள் 1835-ல் நீங்கிய பிறகுதான் தமிழ்ப் புத்தகங்கள் பெருகின. வீட்டில் நான்கு புத்தகம் இருந்தால் பெட்டி போதும். நாற்பது ஆனால் அடியில் இருப்பதை எடுக்க மேலே இருப்பதையெல்லாம் இறக்க வேண்டும். அப்போதுதான் அடுக்கு தேவைப்படுகிறது, அடுக்குக்கு அளவு தேவைப்படுகிறது.

விரல், முழம், நூல்

பழைய தமிழ் அளவுகள் எல்லாம் உடம்பிலிருந்து வந்தவை. 8 நெல் சேர்ந்தால் ஒரு விரல், 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம், 4 முழம் ஒரு கோல் என்று வாய்ப்பாடு. இதில் ஒரு சிக்கல். யாருடைய விரல்? யாருடைய முழம்? பூக்காரம்மாவின் முழமும் நம் முழமும் ஒன்றா? (இந்தச் சண்டை இன்றும் பஸ் ஸ்டாண்டில் நடக்கிறது!)

இதற்குச் சோழர்கள் கண்ட வழி, அளவுகோலைப் பொதுவாக்குவது. முதலாம் இராஜராஜன் காலத்திலும், 1086-ல் முதலாம் குலோத்துங்கன் காலத்திலும் நாடு முழுக்க நிலம் அளக்கப்பட்டது. அதற்கு 16 சாண் கோல் பயன்பட்டது. கோல் எவ்வளவு நீளம் என்று யாரும் ஏமாற்ற முடியாதபடி, பல கோயில்களின் சுவரிலேயே அதன் நீளத்தைக் கோடாக வெட்டி வைத்தார்கள். சந்தேகம் வந்தால் கோயிலுக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தச்சர்களுக்குத் தனி முழம் இருந்தது. அதற்குப் பெயரே தச்சு முழம். சாதாரண முழம் 18 அங்குலம் என்றால் தச்சு முழம் 33 அங்குலம். ஆங்கிலேயர் காலத்தில் அடியும் அங்குலமும் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு 1956-ல் மெட்ரிக் அளவுச் சட்டம் நிறைவேறி, 1962 வாக்கில் மீட்டரும் கிலோவும் நாடெங்கும் கட்டாயமாகின.

ஆனால் மரக்கடைக்குப் போய் நின்றால் எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்றே தெரியாது. பிளைவுட் பலகையின் நீள அகலம் 8க்கு 4 அடி. அதன் கனம் 12 மி.மீ., 18 மி.மீ. என்று மெட்ரிக்கில். மரம் விற்பது கன அடியில். அங்குலத்துக்குக் கீழே போனால் 'நூல்'. ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். கம்பி வாங்கப் போனாலும் 3 நூல் கம்பி, 4 நூல் கம்பி என்றுதான் கேட்கிறோம். டேப்பில் மேலே அங்குலம், கீழே சென்டிமீட்டர். ஆனால் ஆசாரி வாயில் வருவது நூல்தான்.

ஒரு தட்டை மி.மீ.யிலும் அடுத்ததை அங்குலத்திலும் அளந்தால் கதை முடிந்தது. அதனால் எங்கள் மாமா முதலில் சொன்ன விதி: ஒரு வேலைக்கு ஒரு டேப், ஒரு கணக்கு. (மாமா உப்பளத்தில் வேலை செய்கிறார். வடகிழக்குப் பருவமழையில் உப்பளம் மூடிக் கிடக்கும் மாதங்களில் தச்சு வேலை பார்ப்பார்.)

அவரிடம் இன்னொரு பழைய பழக்கமும் உண்டு. காகிதத்தில் எண்ணாக எழுதிக்கொள்வதை அவர் அவ்வளவாக நம்புவதில்லை. ஒரு நீளமான ரீப்பரை எடுத்து, தட்டு எங்கெங்கே வர வேண்டுமோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்வார். பிறகு ஒவ்வொரு பலகைக்கும் அந்தக் குச்சியை வைத்தே குறிப்பார். டேப்பில் ஐந்து முறை அளந்தால் ஐந்து முறை தப்பு வர வாய்ப்பு. குச்சியில் ஒருமுறை சரியாகக் குறித்துவிட்டால் ஐந்து பலகையும் ஒன்றாகவே இருக்கும். யோசித்தால், கோயில் சுவரில் கோல் வெட்டி வைத்ததும் இதே புத்திதான்.

சங்கிலியிலிருந்து கை எட்டும் தூரத்துக்கு

சரி, அளவுகோல் கிடைத்துவிட்டது. எதை அளப்பது? இதற்குப் பதில் சொன்னவர் நம் ஊர்க்காரர் ஒருவர்.

அதற்கு முன் ஐரோப்பாவை ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவோம். அங்கே கையால் எழுதிய புத்தகம் நிலம் மாதிரி விலை உயர்ந்த சொத்து. அதனால் நூலகங்களில் புத்தகத்தை இரும்புச் சங்கிலியால் அடுக்கோடு கட்டி வைத்தார்கள். இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு தேவாலயத்தில் அப்படிப்பட்ட நூலகத்தை இன்றும் பார்க்கலாம். சங்கிலி அட்டையின் முன்விளிம்பில் மாட்டியிருப்பதால், புத்தகங்கள் முதுகு உள்ளே, பக்க விளிம்பு வெளியே என்று தலைகீழாக நிற்கும். சங்கிலியின் நீளம்தான் மேசை எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. அதாவது காவலுக்கு ஏற்ற அளவு.

நம் ஊரிலும் நூலகம் வந்தபோது புத்தகத்தைப் பாதுகாப்பதுதான் பெருமையாக இருந்தது. 1896-ல் சென்னையில் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்தின் பழைய கட்டடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வண்ணக் கண்ணாடி, வேலைப்பாடான உயரமான தேக்கு அடுக்குகள். பார்க்க அரண்மனை மாதிரி இருக்கும். அவ்வளவு உயரத்தில் இருக்கும் புத்தகத்தை ஆள் வைத்துத்தான் எடுக்க முடியும்.

இந்த நினைப்பை மாற்றியவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். கணித ஆசிரியர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்டார். அந்த வருஷமே லண்டனுக்குப் படிக்கப் போய், அங்கே பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1925-ல் திரும்பினார். அங்கே அவரைக் கவர்ந்தது, வாசகர்கள் தாங்களே அடுக்குக்குப் போய்ப் புத்தகத்தைத் தொட்டுப் புரட்டி எடுக்கும் முறை. அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்.

1931-ல் வெளிவந்த அவருடைய 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' உலகம் முழுக்க நூலகப் படிப்பில் இன்றும் பாடமாக இருக்கிறது. புத்தகம் பயன்படுத்தத்தான், வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய புத்தகம் கிடைக்க வேண்டும், புத்தகம் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது, நூலகம் வளரும் உயிர் மாதிரி. இவ்வளவுதான் சாரம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அவர் இதைத் தத்துவமாக மட்டும் விடவில்லை, மரத்துக்கும் ஆணிக்கும் கொண்டுவந்தார். புத்தகம் பயன்படுத்தத்தான் என்றால், சராசரி உயரமுள்ள ஒருவர் வெறும் தரையில் நின்றபடி கை நீட்டினால் எட்டுகிற உயரத்துக்கு மேல் அடுக்கு இருக்கக் கூடாது. ஏணி கூடாது. இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஆட்கள் தாராளமாக நின்று பார்க்க இடம் வேண்டும். நூலகம் வளரும் என்றால், தட்டுகளை நகர்த்த முடிய வேண்டும், புது அடுக்கு சேர்க்க இடம் விட வேண்டும். ஒவ்வொரு விதியும் ஓர் அளவாக மாறுகிறது!

அதே 1931-ல் இன்னொரு விஷயம் நடந்தது. மன்னார்குடி அருகே மேலவாசலில், அக்டோபர் மாதம், மாட்டுவண்டியில் ஒரு நடமாடும் நூலகம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் பொறியாளர் கனகசபை பிள்ளை, ரங்கநாதனின் துணையோடு. என்னைப் பொறுத்தவரை அதுவும் அலமாரி வரலாறுதான். வாசகரின் கை புத்தகத்துக்கு எட்டவில்லை என்றால், அடுக்கையே வண்டியில் ஏற்றி வாசகரிடம் கொண்டுபோவது. அங்கே அலமாரியின் அளவைத் தீர்மானிப்பது சுவர் அல்ல, வண்டியின் அகலமும் மாடு இழுக்கிற பாரமும்.

1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான், அதற்குப் பின்னாலும் ரங்கநாதனின் உழைப்பு இருக்கிறது. இந்தியத் தர நிறுவனத்தின் ஆவணக் குழுவுக்கும் அவர் பல வருஷம் தலைவராக இருந்தார். நூலகத்தில் வைக்கும் மரச் சாமான்களுக்கென்றே ஐ.எஸ். 1829 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. அவசர அவசரமாக ஐ.எஸ்.ஐ. முத்திரையை மட்டும் பார்த்துப் பழகிய நமக்கு, புத்தக அடுக்குக்கும் அப்படி ஒன்று உண்டு என்பதே செய்திதான்.

எங்கள் வீட்டுக் கணக்கு

இப்போது நம் வேலைக்கு வருவோம். ரங்கநாதன் சொன்னபடி முதலில் சுவரை அளக்கவில்லை. ஆளையும் புத்தகத்தையும் தண்ணீரையும் அளந்தேன்.

தண்ணீர்: கறை 14 அங்குலத்தில் இருக்கிறது. அதற்கு மேல் 4 அங்குலம் சேர்த்து, கடைசித் தட்டின் மேற்புறம் 18 அங்குலம். சரியாக ஒரு முழம்!

ஆள்: வீட்டில் குட்டையான வாசகி என் தங்கை, ஆறாம் வகுப்பு. அவளைச் சுவரோரம் நிற்க வைத்து, ஒரு புத்தகத்தை எக்காமல் எடுத்து எக்காமல் திரும்ப வைக்கச் சொன்னேன். அப்படிப் பார்த்தால் மேல் தட்டு தரையிலிருந்து 54 அங்குலத்தைச் சுற்றி இருக்க வேண்டும். அதற்கு மேலே எதை வைத்தாலும் அவளுக்கு அது இல்லாத மாதிரிதான்.

ஆக, எனக்குக் கிடைத்த இடம் 18-லிருந்து 54 வரை. கீழே புயல், மேலே தங்கை. நடுவில் 36 அங்குலம்.

புத்தகம்: எல்லாவற்றையும் உயரவாரியாகப் பிரித்தேன். பாடப்புத்தகங்களும் ஏ4 அளவு நோட்டுகளும் 12 அங்குலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. நாவல், கட்டுரைத் தொகுப்பு இவையெல்லாம் டெமி, கிரவுன் அளவுகள், 9 அங்குலத்தைத் தாண்டுவதில்லை. மேலே விரல் நுழைத்துச் சாய்த்து எடுக்கக் கொஞ்சம் இடம் வேண்டும். எனவே கீழ்த் தட்டுக்கு 12½ அங்குலம், அடுத்த இரண்டுக்கும் 10½, உச்சித் தட்டு திறந்தபடி. 18, 12½, 10½, 10½ கூட்டினால் 51½. இரண்டரை அங்குலம் மிச்சம்! பெருமையாக மாமாவிடம் காட்டினேன்.

பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏன்டா, உன் பலகைக்குக் கனமே கிடையாதா? காத்துலயா தட்டு போடப் போற?"

அதை மறந்தே போயிருந்தேன். ஓர் அங்குலப் பலகை வாங்கினாலும் இழைப்புளி போட்ட பிறகு 7 நூல்தான் மிஞ்சும். இடையில் வரும் பலகைகள் மூன்று. மூவேழு 21 நூல், அதாவது 2 அங்குலம் 5 நூல். அதைச் சேர்த்தால் உச்சித் தட்டின் மேற்புறம் 54 அங்குலம் 1 நூல். கடவுள் புண்ணியத்தில் அப்போதும் தங்கைக்கு எட்டும். மிச்சம் என்று நினைத்த இரண்டரை அங்குலம் எங்கே போயிற்று என்றால், பலகைக்குள் போயிற்று.

குறுக்காகவும் அதே தப்பு காத்திருந்தது. மொத்த அகலம் 5 அடி. பழைய அலமாரியில் 5 அடிக்கும் ஒரே பலகை, அது நடுவில் தூளி மாதிரித் தொங்கியது. ஏன் என்று எஸ்.ஓ.எம். பேப்பரில் படித்திருக்கிறோம் (நம் வகுப்பில் பாதிப் பேர் அரியர் வைத்த அதே பேப்பர்). நீளம் முழுக்கச் சீராகப் பாரம் இருந்தால், நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு 16 மடங்கு. பலகையின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதனால் கனமான பலகை வாங்கிக் காசைக் கரைப்பதை விட, நடுவில் ஒரு நிலைப்பலகை வைத்து இரண்டு கண்ணாகப் பிரிப்பது நல்லது. நிற்கும் பலகைகள் மூன்று, மறுபடியும் அதே 21 நூல் கழிகிறது. ஒவ்வொரு கண்ணும் 28½ அங்குலத்துக்குச் சற்று மேல் வருகிறது.

பாரத்தையும் நிறுத்துப் பார்த்தேன். ஓர் அடி நீளத்துக்கு எங்கள் புத்தகங்கள் ஏறக்குறைய ஒன்பதரை கிலோ. நான்கு தட்டும் நிரம்பினால் 19 அடி, அதாவது 180 கிலோ. இரண்டு, மூன்று பெரிய ஆள்களின் எடை! அதனால் சுவரோடு இழுத்துப் பிடிக்கப் பட்டை கட்டாயம். இப்போதைக்கு இருக்கிற புத்தகம் 11 அடி. மீதி 8 அடி காலி. அந்தக் காலி இடம் ரங்கநாதனின் ஐந்தாவது விதிக்கு.

ஆழம் 10 அங்குலம். அதைவிட அதிகமானால் முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை என்று வைக்கத் தோன்றும். பின்வரிசை மறந்துபோகும்.

மொத்தப் பலகை 30 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். ஓர் அங்குலக் கனத்தில் 12 சதுர அடி சேர்ந்தால் ஒரு கன அடி. எனவே இரண்டரை கன அடி, சேதாரத்துக்குக் கால் பங்கு சேர்த்து மூன்றேகால் கன அடி. ரம்பமும் மரத்தைத் தின்னும், ஒரு வெட்டுக்கு ஒரு நூல் போகும் என்பது மாமா சொன்ன இன்னொரு கணக்கு. அதனால் கோட்டின் மேலே அறுக்கக் கூடாது, கோட்டுக்கு வெளிப்பக்கம் அறுக்க வேண்டும்.

கடற்கரை மரம்

மரம் எங்கிருந்து? அதே ஃபெஞ்சலில் எங்கள் கொல்லையில் சாய்ந்த வேப்பமரம்தான். அறுத்து, பலகைகளுக்கு நடுவே சிறு கட்டைகள் கொடுத்து, காற்றோட்டமாக அடுக்கி வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பச்சை மரத்தில் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் பயனில்லை, காயும்போது சுருங்கி வளைந்து நம் அளவையெல்லாம் பொய்யாக்கிவிடும்.

இந்த இடத்தில் ஒரு சுவையான செய்தி. சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்ற துறைமுகம் வருகிறது. அது நம் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தக் கடற்கரையில் அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், தூங்குகிற ஒட்டகங்கள் மாதிரிக் கிடந்தனவாம். பரதவப் பெண்கள் அதை விறகாக எரித்தார்களாம். வாசனை மரத்தையே அடுப்பில் வைத்த ஊரில், புயல் தள்ளிய வேம்பை நான் நூல் கணக்குப் பார்த்து அறுத்துக்கொண்டிருக்கிறேன்!

உப்பளக் கரைக்கு என்று தனியாகச் சில விஷயங்களும் உண்டு. இங்கே இரும்பு ஆணி நிற்காது, துரு பிடித்து மரத்தையும் கறையாக்கும். உப்பு வாருவதற்கு மரப்பலகையைப் பிடித்தவர்கள் சும்மா பிடிக்கவில்லை. அதனால் பித்தளைத் திருகாணி. சுவரில் உப்புப் பூக்கும் என்பதால் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி. கால்களுக்குக் கீழே கருங்கல் துண்டு. கீழே காலியாக இருக்கும் 18 அங்குலத்தில் என்ன வைப்பது என்று அம்மா இப்போதே பிளாஸ்டிக் குடங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் வந்தால் அவை மிதக்கட்டும், பரவாயில்லை.

போன வாரம் குச்சியில் அளவுகளைக் குறித்து முடித்தோம். 18-ல் ஒரு கோடு, உச்சியில் ஒரு கோடு, நடுவில் தட்டுகள். தாத்தா வந்து குச்சியைக் கையில் வாங்கிப் பார்த்தார். தங்கையைக் கூப்பிட்டு உச்சிக் கோட்டைத் தொடச் சொன்னார். தொட்டாள். பிறகு குச்சியைச் சுவரோரம் வைத்து, தண்ணீர்க் கறையையும் முதல் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு விரக்கடை ஏத்திப் போடேன்டா" என்றார். ஏற்றினால் தங்கைக்கு எட்டாது என்று கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அவளுக்கு எட்டட்டும்" என்று குச்சியைத் திருப்பிக் கொடுத்தார்.

நனையாமல் தப்பிய பைண்டுகள் ஆறு. அவற்றுக்கு உச்சித் தட்டு என்று முடிவாகிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை பலகை அறுக்கிறோம்.

உங்கள் வீட்டு அலமாரியை இன்று ஒருமுறை பாருங்கள். எந்தத் தட்டுக்கு யார் கையும் போவதில்லை என்று பார்த்தால், அதைச் செய்தவர் எதை அளந்தார் என்பது தெரிந்துவிடும். உங்கள் ஊரில் மர வேலைக்கு என்ன அளவுச் சொற்கள் புழங்குகின்றன என்பதையும் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.